கல்கிடங்குகளில் ஒரு நாள் நடை

சிங்கப்பூரில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம் பக்கத்துப் பெற்றோருக்கு முதல் வாரம் தெரியாமலே ஓடிவிடும். தேக்கா மார்க்கெட், வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா, மெர்லயன், ஞாயிற்றுக்கிழமை செந்தோசா. அதற்கப்புறம் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். மேல்மாடி வீட்டில் டிவியும் நீங்களும்தான். சிவகாசிப் பக்கம் தாயில்பட்டியில் வாசலில் வந்து நின்றால் போதும், பயர் ஆபீஸ் என்னும் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் நாலு பேராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். அங்கே கதவைத் திறந்தால் எதிரே லிஃப்ட். இந்த அத்தியாயம் அந்த இரண்டாம் வாரத்துக்காக எழுதியது.

நான் சொல்லப்போவது கல்குவாரிகளை, நம் பேச்சில் கல்கிடங்குகளை. சிரிக்க வேண்டாம். வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருந்துகொண்டு, குவாரியைப் பார்க்க விமானம் ஏறிப் போவார்களா என்று கேட்பீர்கள். ஜல்லி லாரியும் கிரஷர் புழுதியும் நமக்குப் பார்த்துப் புளித்தவை. ஆனால் கல் எடுத்து முடிந்த பிறகு அந்தக் குழியை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் ஊரில் இரண்டு விடைகள்தான் கண்டிருக்கிறோம். ஒன்று, குப்பை கொட்டுவது. இரண்டு, மழைத்தண்ணீர் நிரம்பட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, விடுமுறை நாளில் குளிக்கப் போகும் பையன்களைப் பறிகொடுப்பது. மூன்றாவதாக ஒரு விடை உண்டு. அதைக் காலால் நடந்தே பார்க்கலாம், அதுவும் ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில். கட்டணம் கிடையாது. பாறை நமக்குப் பழகிய பொருள் என்பதால் வழிகாட்டி வைத்துக்கொள்ளவும் தேவையில்லை.

குவாரிகள் அங்கே வந்த கதை

சிங்கப்பூரின் நடுவில் புக்கிட் தீமா என்று ஒரு குன்று. 163 மீட்டர் உயரம். அந்தத் தீவில் இயற்கையாய் அமைந்த மேடுகளில் அதுதான் ஆக உயரம் என்றால் மற்றதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் குன்றும் சுற்று வட்டாரமும் முழுக்கக் கருங்கல். அதைப் போல, வடகிழக்கே கடலில் இருக்கும் பூலாவ் உபின் தீவும் பாறைத் தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் சாலையும் கட்டடமும் கலங்கரை விளக்கமும் கட்டத் தொடங்கியபோது இந்த இரண்டு இடங்களிலும் உளியும் வெடிமருந்தும் வேலை செய்ய ஆரம்பித்தன. 1851-இல் ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தின் கல் உபினிலிருந்து போனது. 1924-இல் திறக்கப்பட்ட ஜோகூர் தரைப்பாலத்துக்கு உபின், புக்கிட் தீமா இரண்டு இடத்துக் கல்லும் கொட்டப்பட்டது.

அந்தக் கல்லை உடைத்தவர்களில் நம் நாட்டவர்களும் உண்டு. 1825 தொடங்கி, சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களின் கைதிகளைக் கப்பலேற்றி சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். புனித ஆண்ட்ரூ தேவாலயமும், இன்று அதிபர் மாளிகையாய் இருக்கும் இஸ்தானாவும் அவர்கள் கையால் எழுந்தவை. உபினில் கல் உடைத்ததும் அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று. 1873-இல் அவர்களை வைத்திருந்த கைதி முகாம் மூடப்பட்டது. இஸ்தானாவைப் படம் பிடிக்கிறவர்கள் உபின் பாறையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது என் கட்சி.

சுதந்திரத்துக்குப் பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்ப எழும்பக் குவாரிகளும் ஆழமாயின. பிறகு ஊர் பெருகி வீடுகள் குவாரி ஓரம் வரை வந்துவிட்டன. வெடிச் சத்தமும் புழுதியும் இனி ஆகாது என்று ஒவ்வொன்றாய் நிறுத்தினார்கள். உபினின் கடைசிக் குவாரி 1999-இல் மூடியது. மிஞ்சியவை செங்குத்துச் சுவரும் பச்சைத் தண்ணீரும் கொண்ட பள்ளங்கள். சிலவற்றை மண் கொட்டித் தூர்த்தார்கள். சிலவற்றைப் பூங்காவாக்கினார்கள்.

கிளம்பும் முன்

சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே ஏழு மணி சுமாருக்குத்தான் விடியும். நாலரைக்கே எழுந்து பழகியவர்களுக்கு இது வசதி. பழக்கம் மாறாமல் எழுந்தால் அங்கே ஏழு மணி ஆகியிருக்கும். ஏழரைக்குள் வீட்டை விட்டு இறங்கிவிடுங்கள். பத்தரைக்கு மேல் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். நம் கரிசல் வெயில் சுடும், ஆனால் வியர்வை காய்ந்துவிடும். அங்கே வியர்வை காயாது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, நடக்கிற தூரத்தை இரண்டு மடங்காய்க் காட்டும்.

மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை பெய்வது அங்கே வாடிக்கை. டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க ஊற்றுவதும் உண்டு. குடை வேண்டும், ஆனால் இடி இடிக்கும்போது குடையை விரித்துக்கொண்டு திறந்த வெளியில் நிற்கக்கூடாது. கூரை போட்ட இளைப்பாறும் இடம் எங்கே என்று நுழையும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

செருப்புப் போட்டு நடக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். நனைந்த பலகைப் பாதையில் ரப்பர் செருப்பு வழுக்கும். கான்வாஸ் ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாமார் சேலையில் வருவதானால் கொசுவத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டினால் போதும், பாதைகள் நல்ல பாதைகள். கொசுவுக்குத் தடவும் மருந்து அவசியம். டெங்கு அங்கேயும் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் பையில் பிஸ்கட்டோ கடலை மிட்டாயோ வைத்திருங்கள். காட்டுப்பாதை நடுவில் பெட்டிக்கடை தேடினால் கிடைக்காது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் பாட்டில் ஒன்று போதும்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பிள்ளைகளிடம் சொல்லி அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதியோர் சலுகைக் கட்டணம் அந்த ஊர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், நமக்கு இல்லை. எம்ஆர்டி ரயிலுக்குள் சாப்பிடுவது மட்டுமல்ல, தண்ணீர் குடிப்பதும் அபராதத்துக்குரியது. கட்டுச்சோற்றை ரயிலில் பிரிக்காதீர்கள்.

சில தடைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூங்காக்களில் புகைபிடிக்கக்கூடாது. வாயில் போடும் புகையிலை நாட்டுக்குள்ளேயே கொண்டுவரக்கூடாது. கண்ணில் பட்ட வேப்பிலையையோ பூவையோ பறிக்கக்கூடாது. நம் அம்மாமார் கை சும்மா இருக்காது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குரங்குக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. சிவகாசிக்காரர்களுக்குத் தனியாய் ஒன்று: பேரனுக்கு ஆசையாய் ஒரு கிஃப்ட் பாக்ஸ் என்று பெட்டிக்குள் பட்டாசு வைத்துவிடாதீர்கள். விமானத்தில் ஏற்றவே கூடாது. அங்கேயோ 1972 முதல் வெடிக்குத் தடை. 1970 சீனப் புத்தாண்டில் உயிர்ச்சேதம் ஏற்பட்டபின் கட்டுப்பாடு வந்து, இரண்டே வருஷத்தில் அது முழுத் தடையானது.

காலை: ஹிண்ட்ஹீட்

டவுன்டவுன் பாதை ரயிலில் பியூட்டி வேர்ல்ட் நிலையத்தில் இறங்குங்கள். பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கும். அங்கிருந்து கால் மணி நேர நடையில் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியின் வாசல். அதன் பக்கத்திலேயே ஹிண்ட்ஹீட் பூங்கா. பெயர், அங்கே குவாரித் தொழில் நடத்திய டென்மார்க் நாட்டுப் பொறியாளருடையது. 2001-இல் பூங்காவாய்த் திறந்தார்கள். சின்ன இடம்தான், பத்து ஹெக்டேருக்கும் குறைவு.

வாசலில் கழிப்பறை இருக்கிறது. பயன்படுத்திக்கொண்டு கிளம்புங்கள், அடுத்தது கொஞ்ச தூரம் கழித்துத்தான். வனப்பகுதி உச்சிக்கு ஏறும் தார்ச்சாலை நேர் எதிரே செங்குத்தாய்ப் போகும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உச்சியைத் தொட்டுவிடலாம் என்று தோன்றும். மூட்டுவலி உள்ளவர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம். உச்சியில் ஒரு கல்லும் பலகையும்தான் இருக்கின்றன. காட்சி எதுவும் கிடையாது, மரம் மறைத்துக்கொள்ளும். குவாரிப் பாதை அதைவிட நல்லது. மரநிழலில் கொஞ்சம் ஏறி இறங்கி, திடீரென்று மேடை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தும்.

மேடையிலிருந்து எதிரே பார்த்தால் கல் சுவர், அதன் அடியில் அசையாத பச்சைத் தண்ணீர். அவசரப்படாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சுவரில் மேலிருந்து கீழாய் ஓடும் கருப்புக் கோடுகள் மழைநீர் கசிந்து இறங்கிய தடம். அந்தத் தடத்தை ஒட்டியே பாசியும், அதைப் பிடித்துக்கொண்டு பெரணிச் செடியும், அதற்கு மேல் வெடிப்பில் ஆல் அரசு வகைக் கன்றுகளும் தொற்றியிருக்கும். தண்ணீர் கசியாத இடம் மொட்டையாய் வெளுத்துக் கிடக்கும். ஒரு பாறை எப்படிக் காடாகிறது என்பதை இதைவிடத் தெளிவாய்க் காட்டும் இடம் குறைவு.

குவாரிச் சுவர் எதையும் கிட்டப் பார்க்க வாய்த்தால் இன்னொன்றையும் தேடுங்கள். பாறையில் மேலிருந்து கீழே, பாதி வட்டமாய், குழாயை நெடுக்குவாட்டில் பிளந்து ஒட்டவைத்த மாதிரி நேர்கோட்டுப் பள்ளங்கள் தெரியும். வெடி வைக்கத் துளைத்த குழியின் மிச்சப் பாதி அது. மறுபாதி பாறையோடு பிய்த்துக்கொண்டு ஜல்லியாய்ப் போய்விட்டது. இதை நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை. மருந்தைத் திறந்த வெளியில் கொட்டிக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து போகும், இறுக்கி அடைத்துத் திரி வைத்தால்தான் வெடிக்கும். லட்சுமி வெடிக்கு என்ன கணக்கோ அதே கணக்குதான் பாறைக்கும். துளையை ஆழமாய்ப் போட்டு, மருந்தை இறக்கி, மேல்வாயை மண்ணால் கெட்டித்தால் அந்த வேகம் போக வழியில்லாமல் பாறையைப் பிளக்கிறது. அதற்கும் முந்திய காலத்து வேலையானால் வரிசையாய்ச் சின்னச் சின்ன ஆப்புக் குழிகள் இருக்கும்.

மேடைக் கம்பியைத் தாண்டி ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் கண்மாயில் கரை சரிவாய் இறங்கும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் படிப்படியாய் ஏறும், பயந்தால் திரும்பி வரலாம். கிடங்கு அப்படியில்லை. கல் எடுத்தவர்கள் படிப்படியாய்த் தட்டு விட்டு வெட்டியிருப்பார்கள். தண்ணீருக்கு அடியில் ஒரு தட்டில் நிற்கிறவன் அடுத்த அடியில் பல ஆள் ஆழத்துக்குப் போய்விடுவான். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாய் இருக்க, கீழே குளிர்ந்து கையைக் காலை இழுத்துப் பிடிக்கும். ஏறிவரப் பிடிப்பு கிடையாது, சுவர் செங்குத்து. நீச்சல் தெரிந்தவர்களே கிடங்கில் உயிர் விடுவதற்குக் காரணம் இதுதான். மேலே நிற்பவருக்கும் ஆபத்து உண்டு. வெடியால் அதிர்ந்த சுவரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். வேர் அதை அகலமாக்கும், மழை அதில் இறங்கும், ஒருநாள் கல் பெயரும். அதனால்தான் பார்வை மேடையைச் சுவருக்கு மேல் வைக்காமல் எதிர்ப்பக்கம் வைத்திருக்கிறார்கள். நம் பஞ்சாயத்துகள் வேறெதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைக் காப்பியடிக்கலாம்: உயரமான கம்பிவேலி, எதிர்ப்பக்கம் ஒரு மேடை.

பத்து மணிக்குள்: பழைய ரயில் பாதை

ஹிண்ட்ஹீட்டிலிருந்து இறங்கினால் ரெயில் காரிடார் என்னும் நடைபாதை. மலேயா ரயில்வே வண்டிகள் 2011 ஜூன் 30 வரை இதில் ஓடின. தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, தடத்தை அப்படியே நடக்கிறவர்களுக்கு விட்டுவிட்டார்கள். மொத்தம் 24 கிலோமீட்டர். நமக்கு அதில் வடக்கே கொஞ்சம் போதும். ரயில் ஏறி இறங்காது என்பதால் பாதையும் மட்டமாய் இருக்கும். மூட்டுக்கு இதைவிட இதமான நடை சிங்கப்பூரில் இல்லை என்பேன். மேல் புக்கிட் தீமா சாலையைத் தாண்டும் பழைய இரும்புப் பாலம் வரும்வரை நடக்கலாம். பாலத்தை அடைவதற்கு முன்பே, காட்டுப்பக்கமாய் சிங்கப்பூர் குவாரிக்குப் பிரியும் வழியைப் பலகை காட்டும்.

குரங்குகள் இங்கே கூட்டமாய் வரும். நம் மலைக்கோயில் குரங்குகளோடு பழகியவர்களுக்குப் பயமிருக்காது, அந்தத் தைரியம்தான் இங்கே தொந்தரவு. கையில் பிளாஸ்டிக் பை ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். அதற்குப் பை என்றால் தீனி. சாப்பாட்டை முதுகுப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். கண்ணுக்குக் கண் பார்த்து முறைக்காமல் ஒதுங்கி நடந்தால் அது பாட்டுக்கு இருக்கும்.

சிங்கப்பூர் குவாரியும் பால் பண்ணையும்

இந்த நாளின் சிறந்த இடம் இதுதான். ஹிண்ட்ஹீட்டில் குவாரியை எட்ட நின்று பார்த்தீர்கள். இங்கே தண்ணீர் ஓரம் வரை வரலாம். ஆழத்தைக் குறைத்து, நாணலும் நீர்ச்செடியும் நட்டு, பறவை வந்து தங்கும் ஈரநிலமாய் மாற்றியிருக்கிறார்கள். தண்ணீருக்கு மேல் மேடை நீண்டு நிற்கிறது. மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் திறப்பு. பேச்சுக்குரல் சுவரில் மோதித் திரும்பி வரும், அதனால் மெதுவாய்ப் பேசுங்கள்.

இங்கே பறவை பார்க்கிறவர்கள் பெரிய கேமராவோடு காத்திருப்பதைப் பார்க்கலாம். அவர்கள் தேடி வருகிறவற்றில் ஒன்று முக்குளிப்பான். தலையைக் காட்டி, அடுத்த நொடி முங்கி, பத்தடி தள்ளி எழும்பும் அந்தக் குட்டிப் பறவை வெம்பக்கோட்டை அணையிலும் நம் கண்மாய்களிலும் மழைக்காலத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும். சிங்கப்பூரில் அது அரிது. கூட வந்தவர்களிடம், இது எங்கள் ஊர்க் கண்மாயில் கூட்டங்கூட்டமாய் இருக்கும் என்று தாராளமாய்ச் சொல்லிக்கொள்ளலாம். மீன்கொத்தியும், தண்ணீர் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாய்த் தட்டான்களும் நிச்சயம் உண்டு.

இந்தக் குவாரி டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவைச் சேர்ந்தது. 63 ஹெக்டேர், 2009-இல் திறந்தது. பெயருக்கேற்ப ஒரு காலத்தில் இங்கே சீமை மாடுகள் வளர்த்த பால் பண்ணை நடந்தது. அந்த மாட்டுத்தொழுவம் ஒன்றைத்தான் இப்போது வாலஸ் கல்வி மையமாக்கியிருக்கிறார்கள். ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ், டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வுக் கொள்கையை எட்டியவர். 1854-இல் புக்கிட் தீமா காட்டில் சில மாதம் வண்டு பிடித்துத் திரிந்து, சுமார் 700 வகை சேர்த்தார். அப்போது அந்தக் காட்டில் புலி இருந்தது. புலிக்கு வெட்டிய குழியில் தான் விழுந்துவிடுவோமோ என்பது அவருக்கு இருந்த கவலை. பேரப்பிள்ளைகள் கூட வந்தால் இதைச் சொல்லி நடத்திக்கொண்டு போகலாம், கால் வலிக்கிறது என்ற பேச்சு கொஞ்ச நேரம் எழாது.

பக்கத்தில் டெய்ரி ஃபார்ம் குவாரி என்று இன்னொன்று. அங்கே கயிறு கட்டிப் பாறை ஏறும் இளைஞர்களைப் பார்க்கலாம். நமக்கு அங்கே பார்வையாளர் வேலைதான்.

மத்தியானம்

பன்னிரண்டு மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரும்புப் பாலத்தின் அருகே ரெயில் மால் என்னும் கடைவரிசை இருக்கிறது. பியூட்டி வேர்ல்ட் பக்கம் திரும்பினால் அதே பெயர் கொண்ட கட்டடத்தின் நான்காம் மாடியில் உணவு நிலையம் உண்டு. விருதுநகர் பொரிச்ச பரோட்டாவை மனசில் வைத்துக்கொண்டு எந்தக் கடைக்கும் போகாதீர்கள். அங்கே கிடைப்பது மெத்தென்ற பரோட்டா, பருப்புக் குழம்போ மீன் குழம்போ ஊற்றித் தருவார்கள், அது வேறு ருசி. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வீட்டிலிருந்து புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு வந்து, பூங்கா மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதே மேல். குரங்கு இல்லாத இடமாய்ப் பாருங்கள். சாப்பிட்டபின் வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து சாயங்காலம் மறுபடி கிளம்பினாலும் தப்பில்லை. அந்த ஊரில் எல்லாம் பக்கம்தான்.

சாயங்காலம்: குட்டி குவேலின்

வடக்கு–தெற்குப் பாதையில் புக்கிட் கோம்பாக் நிலையம். இறங்கிச் சில நிமிட நடையில் புக்கிட் பாத்தோக் நகரப் பூங்கா. ஊர்க்காரர்கள் வாயில் அது குட்டி குவேலின். சீனாவின் குவேலினில் ஆற்று நடுவே எழும்பி நிற்கும் குன்றுகளை நினைவுபடுத்துகிறதாம். இங்கே எடுத்தது புக்கிட் தீமா கல்லைவிடக் கறுத்த, இரும்புச்சத்து மிகுந்த பாறை. குவாரி ஓய்ந்ததும் தூர்த்துச் சாலை போடுவதாய் இருந்தார்கள். தண்ணீர் நடுவே நின்ற பாறைத் துண்டுகளின் அழகைப் பார்த்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தார் திட்டத்தை மாற்றி, அதை அப்படியே விட்டுச் சுற்றிலும் நடைபாதையும் பெஞ்சும் போட்டார்கள். பெரிதாய் எதுவும் கட்டவில்லை, கெடுக்காமல் விட்டார்கள். நான் பார்த்த குவாரிப் பூங்காக்களில் எனக்கு இது பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

இங்கே ஏற்றம் இறக்கம் கிடையாது. நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் அழைத்துவரலாம். ஆறு மணி வாக்கில் வெயில் தாழ்ந்து பாறையில் விழும்போது அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தாத்தா பாட்டிகள் இறங்கி வருவார்கள். சீனப் பாட்டிகளோடு பேச மொழி வேண்டியதில்லை, பேரப்பிள்ளையின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் அவர்களே வந்து கன்னத்தைக் கிள்ளுவார்கள். அபாயப் பலகைகளில் தமிழும் இருக்கும், படித்துவிட்டுத் தண்ணீரை விட்டு விலகி நில்லுங்கள். மீன் பிடிப்பதும் குளிப்பதும் கூடாது.

இன்னொரு நாள் கிடைத்தால்: உபின்

உபினுக்கு முழுநாள் வேண்டும். தானா மேரா எம்ஆர்டியிலிருந்து 2-ஆம் எண் பஸ்ஸில் சாங்கி கிராமம் போய், படகுத்துறையில் நின்றால் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் மரப்படகு கிளம்பும். கையில் ரொக்கம் இருக்கட்டும். தீவில் வாடகை சைக்கிள் கிடைக்கும். பெக்கான் குவாரி இறங்குதுறையிலிருந்து பக்கம். அதன் பார்வை மேடையில் நின்றால் தண்ணீர் நடுவே மரங்களில் நாரைக் கூட்டம் கூடு கட்டியிருப்பது தெரியும்.

கேத்தாம் குவாரிப் பக்கம் போகிறவர்கள் ஜெர்மன் பெண் கோயில் என்னும் சின்னக் கோயிலைத் தவறவிடக்கூடாது. முதல் உலகப் போர் தொடங்கியபோது தீவிலிருந்த ஜெர்மானியத் தோட்டக்காரரைப் பிடிக்க பிரிட்டிஷ் படை வந்ததாம். பயந்து ஓடிய அவர் மகள் குவாரி விளிம்பிலிருந்து விழுந்து செத்தாளாம். அவளைக் கல் வெட்டிய கூலிகள் தெய்வமாய் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள் என்பது அங்குள்ள கதை. உள்ளே ஒரு பார்பி பொம்மை. அதன் முன்னால் படையலாய் வாசனைத் தைலம், முகப்பவுடர், கண்ணாடி, நகப்பூச்சு. கன்னிச்சாமிக்குப் பாவாடையும் வளையலும் வைத்துக் கும்பிடுகிற நம் ஊர்க்காரர்கள் அந்த வாசலில் நின்றால் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

உலகில் வேறெங்கே

இது சிங்கப்பூர்க்காரர் கண்டுபிடித்த வித்தை இல்லை. பாரிஸில் ஜிப்சம் வெட்டிய குழிகளை 1867-இலேயே பூட்-ஷோமோன் பூங்காவாக்கினார்கள். கனடாவின் புச்சார்ட் தோட்டம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் சுரங்கம் தோண்டிச் சிதைந்த ஆரவல்லி நிலத்தில் உள்ளூர் மரங்களாய்ப் பொறுக்கி நட்டுக் காடு வளர்த்திருக்கிறார்கள், அது பொதுமக்கள் நடக்கும் பூங்கா. சென்னையில் மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் கைவிட்ட குவாரி ஒன்று உண்டு. அதன் பாறைச் சுவரில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. கல் எடுத்தவர் போனபின் ஆந்தை வர வேலி மட்டும் போதும். மனிதர் வர, அதோடு ஒரு பாதையும் பொறுப்புக்கு ஓர் ஆளும் வேண்டும்.

எதைத் தேர்வது

அரை நாள்தான் இருக்கிறது, முழங்கால் சரியில்லை என்றால் குட்டி குவேலின் மட்டும் போதும். நடக்கத் தெம்பிருந்தால் ஹிண்ட்ஹீட்டில் தொடங்கி சிங்கப்பூர் குவாரி வரை, காலையோடு முடித்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் சிங்கப்பூர் குவாரி. உபின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்ட நாளில், அவர்கள் கூட வந்தால் மட்டும். காலையிலேயே வானம் கறுத்திருந்தால் எதுவும் வேண்டாம், மறுநாள் போகலாம், குவாரி எங்கேயும் போய்விடாது.